எரிக் டால்ஃபிய எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கலாம்: 'அவுட்வேர்ட் பவுண்ட்' ஆல்பம் பத்தி கொஞ்சம் விரிவா

எரிக் டால்ஃபி ஆல்டோ சாக்ஸ், பாஸ் கிளாரினெட், ஃப்ளூட் மூணும் வாசிச்ச அமெரிக்க ஜாஸ் கலைஞர். அவரைக் கேக்கணும்னு யாராவது வந்தா எல்லாரும் முதல்ல எடுத்துக் குடுக்கறது 'அவுட் டு லஞ்ச்' ஆல்பத்ததான். 1964 பிப்ரவரியில ப்ளூ நோட்ங்கற ரெக்கார்ட் கம்பெனிக்கு பண்ணது, ஜாஸ் வரலாற்றுல ரொம்ப பெரிய ஆல்பம்கறதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. ஆனா முதல்ல கேக்கறவங்களுக்கு அது சரியான இடமான்னு கேட்டா, இல்லன்னுதான் சொல்வேன். அதுல பியானோவே கிடையாது, அதுக்கு பதிலா பாபி ஹட்சர்சன் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைங்கள குச்சியால தட்டற வாத்தியம்) வாசிக்கறாரு, அதுவும் கார்டை, அதாவது ஒரே நேரத்துல சேந்து ஒலிக்கற ஸ்வரங்கள, முழுசா பிடிக்காம அங்கங்க ரெண்டு தட்டு தட்டிட்டு போற மாதிரி, ட்ரம்ஸ்ல டோனி வில்லியம்ஸ் தாளத்த உடைச்சு உடைச்சு வெக்கறாரு, பாட்டுங்களோட அமைப்பே புதுசு. பழக்கம் இல்லாத ஒருத்தர் அத போட்டு கேட்டா இந்த ஆள் எதுலேர்ந்து விலகிப் போறாருன்னே தெரியாது, தெரியலன்னா அந்த விலகலோட அழகும் தெரியாது, வெறும் சத்தம்னு தோணி மூடி வெச்சுடுவாங்க.

அதனால என்கிட்ட கேட்டா நாலு வருஷம் பின்னாடி போங்கன்னுதான் சொல்வேன். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ண 'அவுட்வேர்ட் பவுண்ட்'. டால்ஃபி தன் பேர்ல போட்ட முதல் ஆல்பம். அதுல பியானோ இருக்கு, கார்ட் இருக்கு, 12 பார் ப்ளூஸ் (பன்னெண்டு தாளச் சுத்துக்கு ஒரு தடவை திரும்பி வர்ற பழைய பாட்டு வடிவம்) இருக்கு, எல்லாருக்கும் தெரிஞ்ச ரெண்டு பழைய பாட்டு இருக்கு, ட்ரம்பெட்-சாக்ஸ்-பியானோ-பாஸ்-ட்ரம்ஸ்னு அந்தக் காலத்து நியூயார்க்ல எந்த கிளப்புக்குள்ள நுழைஞ்சாலும் பாக்கக்கூடிய அதே அஞ்சு பேர் குழு. அந்த சாதாரண அமைப்புக்கு நடுவுல ஒரே ஒரு ஆள் மட்டும் வேற மாதிரி வாசிக்கறாரு. அவர் எவ்வளவு தூரம் போறாருங்கறத அளக்கறதுக்கு வேண்டிய எல்லாமே பக்கத்துலயே இருக்கு. என்னைப் பொறுத்தவரைக்கும் இந்த ஆல்பத்தோட மதிப்பே இதுலதான் இருக்கு, இத "இன்னும் முழுசா வளராத டால்ஃபி"ன்னு சொல்றவங்க கவனிக்காம விடறதும் இதத்தான்.

வளராத டால்ஃபின்னு சொல்றதே தப்பு, ஏன்னா அப்ப அவருக்கு வயசு 31. 1928 ஜூன் 20 லாஸ் ஏஞ்சலஸ்ல பொறந்தவரு, சின்ன வயசுலயே கிளாரினெட் கத்துக்கிட்டவரு. பாஸ் வாசிச்ச சார்ல்ஸ் மிங்கஸ், சாக்ஸ் வாசிச்ச டெக்ஸ்டர் கார்டன் மாதிரி பெரிய ஆளுங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக்குடுத்த லாய்ட் ரீஸ்கிட்ட படிச்சாரு, 1940கள் கடைசியில ராய் போர்ட்டரோட பெரிய பேண்ட்ல வாசிச்சாரு, அப்புறம் 1950லேர்ந்து 53 வரைக்கும் ராணுவம். அவர் பயிற்சி பண்றதுக்குன்னே அப்பா அம்மா வீட்டுப் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோ கட்டிக் குடுத்திருந்தாங்க. 1954ல ட்ரம்பெட்காரர் கிளிஃபர்ட் பிரவுன் லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்தப்ப அங்க வந்து கூட வாசிச்சிருக்காரு. அதாவது இவருக்கு திறமை எல்லாம் எப்பவோ வந்தாச்சு, வெளிய தெரியல அவ்வளவுதான். மேற்குக் கடற்கரையில இருந்துக்கிட்டு ரெக்கார்ட் கம்பெனிங்க கண்ணுல படறது அவ்வளவு சுலபம் இல்ல.

கண்ணுல பட்டது ட்ரம்ஸ்காரர் சிக்கோ ஹாமில்டன் குழுவாலதான். அந்த குழுவுல ஒரு செல்லோ இருக்கும், கூட ஒரு காத்து வாத்தியக்காரர் இருப்பாரு, அந்த ஒருத்தரே சாக்ஸ், ஃப்ளூட், கிளாரினெட் எல்லாம் மாத்தி மாத்தி வாசிக்கணும். முதல்ல பட்டி காலெட் இருந்தாரு, அப்புறம் பால் ஹார்ன், அப்புறம் 1958ல டால்ஃபி. அந்த வருஷம் நியூபோர்ட் ஜாஸ் விழாவ வெச்சு எடுத்த டாக்குமெண்டரி படத்துல அவர் ஃப்ளூட் வாசிக்கறத இன்னிக்கும் பாக்கலாம், நெத்தியில ஒரு சின்ன புடைப்போட, ரொம்ப அமைதியா, வேற எதையும் கவனிக்காம வாசிச்சிக்கிட்டிருப்பாரு.

இங்க கொஞ்சம் நின்னு ஒண்ணு சொல்லணும். ஒரே ஆள் மூணு நாலு வாத்தியம் வாசிக்கறது அந்தக் காலத்துல அதிசயம் ஒண்ணும் இல்ல. பெரிய பேண்ட்லயும் சினிமா ஸ்டூடியோவுலயும் வேலை வேணும்னா சாக்ஸ் வாசிக்கறவங்க ஃப்ளூட்டும் கிளாரினெட்டும் தெரிஞ்சு வெச்சிருக்கணும், அது பொழைப்புக்கான தகுதி. அந்த முறையில என்ன ஆகும்னா மனசுல ஒரே ஒரு பாஷைதான் இருக்கும், சாக்ஸ் பாஷை, அதையே ஃப்ளூட்லயும் ஊதுவாங்க, சத்தம் மட்டும்தான் மாறும். டால்ஃபி செஞ்சது அது இல்ல. அவர்கிட்ட ஆல்டோ சாக்ஸஃபோன் ஒரு ஆள், பாஸ் கிளாரினெட் இன்னொரு ஆள், ஃப்ளூட் மூணாவது ஆள். மூணு பேருக்கும் யோசனை வேற, வேகம் வேற, கோவமும் வேற. இந்த ஆல்பத்துல இருக்கற ஆறு பாட்டுல மூணு ஆல்டோ, ரெண்டு பாஸ் கிளாரினெட், ஒண்ணு ஃப்ளூட். முதல் ஆல்பத்துலயே மூணு பேரையும் தனித்தனியா அறிமுகப்படுத்திட்டாரு.

1959 கடைசியில அவர் சிக்கோ ஹாமில்டன விட்டுட்டு நியூயார்க்லயே தங்கிட்டாரு. அந்த நேரம் எப்படிப்பட்ட நேரம்னு தெரிஞ்சுக்கணும். 1959ல ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' வந்தாச்சு, சாக்ஸ்காரர் ஜான் கோல்ட்ரேன் 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' ரெக்கார்ட் பண்ணியாச்சு, நவம்பர்ல ஆர்னெட் கோல்மன் ஃபைவ் ஸ்பாட் கிளப்புல வந்து இறங்கி கார்டே இல்லாம வாசிச்சு ஊரையே ரெண்டாக்கிட்டாரு. பாதிப் பேரு இதான் எதிர்காலம்னாங்க, மீதிப் பேரு இது இசையே இல்லன்னாங்க. அந்த சண்டைக்கு நடுவுல டால்ஃபி வந்ததால அவரையும் ஆர்னெட்டோட சேத்து ஒரே கட்சியில போட்டுட்டாங்க, ரெண்டு பேரும் ஆல்டோ, ரெண்டு பேரும் லாஸ் ஏஞ்சலஸ்லேர்ந்து வந்தவங்க, ரெண்டு பேரும் விசித்திரமா வாசிக்கறாங்க, அவ்வளவுதான் காரணம். ஆனா ரெண்டு பேரும் செஞ்சது நேர் எதிரானது. ஆர்னெட் கார்ட கீழ போட்டுட்டு மெலடிய மட்டும் பிடிச்சுக்கிட்டு போறாரு. டால்ஃபி கார்ட விடவே இல்ல, அதோட உச்சாணிக் கொம்புல போய் உக்காந்துக்கறாரு.

இத நம்ம ஸ்வரம் வெச்சே சொல்லலாம், சுலபமா புரியும். ஜாஸ்ல ஒரு சாதாரண மேஜர் கார்டுன்னா ச, க, ப, நி நாலும் சேந்து ஒலிக்கற மாதிரி, ஒண்ணு விட்டு ஒண்ணு. அதே மாதிரி ஒண்ணு விட்டு ஒண்ணு மேல ஏறிக்கிட்டே போனா விட்டுப்போன ரி, ம, த மூணும் அடுத்த ஸ்தாயியில வந்து சேந்துக்கும். இந்த மேல் ஸ்வரங்களத்தான் 9, 11, 13ன்னு நம்பர் போட்டு சொல்வாங்க. 1940கள்ல சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப்ங்கற அந்தக் காலத்து வேகமான ஜாஸ் பாணியில இந்த மேல் ஸ்வரங்கள நெறைய உபயோகிச்சாங்க, ஆனா வழுக்கிக்கிட்டே வந்து தொட்டுட்டு கீழ இறங்கிடுவாங்க, அதனால காதுக்கு உறுத்தாது. டால்ஃபி என்ன பண்றாருன்னா நடுவுல இருக்கற படியெல்லாம் விட்டுட்டு கீழ் காந்தாரத்துலேர்ந்து நேரா ஒண்ணரை ஸ்தாயி தாவி மேல எங்கயோ ஒரு ஸ்வரத்துல போய் நிப்பாரு, அதுவும் சுத்தமா இல்லாம அரை ஸ்வரம் ஏத்தியோ இறக்கியோ, அங்கேர்ந்து திரும்ப கீழ தாவுவாரு. தனியா கேட்டா சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். அந்த நேரம் பியானோவுல என்ன கார்ட் போகுதுன்னு சேத்து கேட்டீங்கன்னா பெரும்பாலும் அந்த ஸ்வரத்துக்கு அங்க ஒரு இடம் இருக்கும்.

இது என் கற்பனை இல்ல. அந்தக் காலத்துலயே அவர் விமர்சகர் மார்ட்டின் வில்லியம்ஸ்கிட்ட இதத்தான் சொன்னாரு. நான் வாசிக்கறது சுருதிக்குள்ள இருக்கறதாதான் நெனைக்கறேன், பொதுவா அந்த கீயில சேராதுன்னு சொல்ற ஸ்வரங்கள வாசிக்கறேன், ஆனா என் காதுக்கு அது சரியாதான் கேக்குது, நான் வாசிக்கற ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அந்தப் பாட்டோட கார்டோட ஏதோ ஒரு தொடர்பு இருக்கு, இப்படி போகுது அவர் சொன்னதோட சாரம். இத மனசுல வெச்சுக்கிட்டு இந்த ஆல்பத்த கேட்டா அது வேற ஆல்பமாவே ஆயிடுது.

இப்ப ரெக்கார்டிங் விஷயத்துக்கு வரேன். கம்பெனி பிரெஸ்டீஜ், அவங்களோட துணை லேபிள் நியூ ஜாஸ். பிரெஸ்டீஜ்காரங்க ப்ளூ நோட் மாதிரி ஒத்திகைக்கு காசு குடுக்க மாட்டாங்க, வந்து ஒரே நாள்ல ஒரு ஆல்பத்துக்கு வேண்டியத வாசிச்சுட்டு போயிடணும். இடம் நியூ ஜெர்சியில எங்கிள்வுட் க்ளிஃப்ஸ்ல ரெக்கார்டிங் எஞ்சினியர் ரூடி வான் கெல்டரோட ஸ்டூடியோ. அதுவரைக்கும் அவர் ஹாக்கென்சாக்ல அப்பா அம்மா வீட்டு ஹால்லதான் ரெக்கார்ட் பண்ணிக்கிட்டிருந்தாரு, 1959லதான் உசரமான மரக்கூரை போட்ட இந்த புது இடத்துக்கு மாறினாரு. அந்த உசரம் ரெக்கார்டுல கேக்குது, ஆல்டோவோட கூர்மையான சத்தத்த சுத்தி கொஞ்சம் காத்து இருக்கு, காதக் கிழிக்கல.

கூட வாசிச்சவங்க யாருன்னு பாருங்க. ட்ரம்பெட் ஃப்ரெடி ஹப்பர்ட், இன்னும் ஆறு நாள்ல 22 முடியப்போற பையன், இண்டியானாபொலிஸ்லேர்ந்து வந்தவன், தன் பேர்ல முதல் ஆல்பம் ரெக்கார்ட் பண்ணதே இதுக்கப்புறம் ஜூன் மாசந்தான். அவனும் டால்ஃபியும் அப்ப ப்ரூக்ளின்ல ஒரே வீட்ல இருந்தாங்க. பியானோ ஜாக்கி பயார்ட், 1920கள் ஸ்ட்ரைட் பியானோலேர்ந்து அன்னிக்கு தேதி வரைக்கும் எல்லா பாணியும் கைக்குள்ள வெச்சிருந்தவரு, எத எப்ப வெளிய எடுப்பாருன்னு சொல்லவே முடியாது. பாஸ் ஜார்ஜ் டக்கர், கனமான இருட்டு சத்தம், அசைக்க முடியாது. ட்ரம்ஸ் ராய் ஹெய்ன்ஸ். லெஸ்டர் யங், சார்லி பார்க்கர், சாரா வாகன் எல்லாருக்கும் வாசிச்சவரு, ஸ்நேர் ட்ரம்ல பொறி தெறிக்கற மாதிரி அடிப்பாருன்னு அவருக்கு 'ஸ்நாப் க்ராக்கிள்'னே பேரு. 2024 நவம்பர்ல 99 வயசுல போய்ச் சேந்தாரு. என்னைக் கேட்டா இந்த ஆல்பத்தோட ரகசியமே ஹெய்ன்ஸ்தான். டால்ஃபி தாவும்போது அவரைத் துரத்திக்கிட்டு போகாம, தடுக்கவும் பண்ணாம, தாளத்த இறுக்கமா வெச்சுக்கிட்டே நடுவுல நடுவுல ஒரு பதில் சொல்றாரு பாருங்க, அந்த பதில் இல்லன்னா டால்ஃபி தனியா கத்திக்கிட்டிருக்கற மாதிரி ஆயிருக்கும்.

முதல் பாட்டு 'ஜி.டபிள்யூ.', லாஸ் ஏஞ்சலஸ் பேண்ட்லீடர் ஜெரால்ட் வில்சனுக்காக டால்ஃபி எழுதினது, அந்த ரெண்டு எழுத்து அவரோட பேரு. கிட்டத்தட்ட எட்டு நிமிஷம். தீமே எங்கயோ தாவி எங்கயோ நிக்கற மாதிரி எழுதியிருக்காரு, அதுலயே எச்சரிக்கை பண்ணிடறாரு. அப்புறம் ஆல்டோ சோலோ. அந்த வேகத்த முதல் தடவை கேக்கும்போது கூட ஓட முடியாது, அதனால ஒரு வழி சொல்றேன், முதல் தடவை டால்ஃபிய கேக்காதீங்க, டக்கரோட பாஸை மட்டும் பிடிச்சுக்கிட்டு கால்ல தாளம் போட்டுக்கிட்டே போங்க. அடுத்த தடவை பயார்டோட கார்ட சேத்துக்கோங்க. மூணாவது தடவை ஆல்டோவ கேளுங்க. எங்க தாவினாலும் அவர் தாளத்துல சரியா வந்து இறங்கறது தெரியும், பாதி வாக்கியத்துல விட்டுட்டு போன மாதிரி இருந்தது உண்மையில ரொம்ப நீளமான ஒரே வாக்கியம்னும் தெரியும். அதுக்கப்புறம் ஹப்பர்ட் வர்றப்ப எவ்வளவு வழவழப்பா, உருண்டையா இருக்குன்னு பாருங்க. ரெண்டு பேரும் அதே கார்டுங்க மேலதான் வாசிக்கறாங்க! ஒரே கேள்விக்கு ரெண்டு பேர் எழுதின பதில பக்கத்துல பக்கத்துல வெச்சு படிக்கலாம், 'அவுட் டு லஞ்ச்'ல இந்த வசதி கிடைக்காது.

ரெண்டாவது 'ஆன் கிரீன் டால்ஃபின் ஸ்ட்ரீட்'. 1947ல வந்த ஒரு எம்ஜிஎம் படத்துக்காக ப்ரோனிஸ்லாவ் காப்பர் போட்ட மெட்டு, 1958ல மைல்ஸ் டேவிஸ் வாசிச்சதுக்கப்புறம் ஜாஸ்காரங்க எல்லாரும் வாசிக்கற பாட்டா ஆயிடுச்சு. இதோட முதல் பகுதியில பாஸ் ஒரே ஸ்வரத்த பிடிச்சுக்கிட்டு நிக்கும், மேல கார்ட் மட்டும் நகர்ந்துக்கிட்டே இருக்கும், நம்ம தம்புரா சுருதி மாதிரின்னு வெச்சுக்கோங்க. அந்த நிலையான அடித்தளத்து மேல டால்ஃபி முதல் தடவையா பாஸ் கிளாரினெட்ட எடுக்கறாரு.

பாஸ் கிளாரினெட் பத்தி தனியாவே சொல்லணும். சாதாரண கிளாரினெட்டுக்கு ஒரு ஸ்தாயி கீழ இருக்கற வாத்தியம். எல்லிங்டன் பேண்ட்ல ஹாரி கார்னி வாசிச்சிருக்காரு, ஆர்க்கெஸ்ட்ராவுல பின்னாடி இருந்து ஒரு நிறம் குடுக்கும், ஆனா முன்னாடி வந்து சோலோ வாசிக்கற வாத்தியம்னு அனேகமா யாரும் நெனைச்சதில்ல, அந்த அந்தஸ்த குடுத்தது டால்ஃபிதான். அதுக்குள்ள ஒரு விசேஷம் இருக்கு. சாக்ஸஃபோன் குழாய் கூம்பு மாதிரி விரிஞ்சுக்கிட்டே போகும், அதனால வேகமா ஊதி மேல் பகுதிக்கு போனா சரியா ஒரு ஸ்தாயி மேல ஒலிக்கும், கீழயும் மேலயும் குரல் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கிளாரினெட் குழாய் நேர் உருளை, ஒரு பக்கம் மூடினது மாதிரி வேலை செய்யும், அதனால மேல போனா ஒரு ஸ்தாயி இல்ல, ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் தாவிடும், கீழ் குரலும் மேல் குரலும் ரெண்டு வேற பிராணிங்க மாதிரி இருக்கும். கீழ ஒரு கட்டை முனகல், மேல ஒரு மெல்லிசு கீச்சு. மத்தவங்க இத ஒரு குறையா நெனைச்சு மறைக்கப் பாப்பாங்க, ஒரே குரலா சமன்படுத்தப் பாப்பாங்க. தாவறதே பாஷையா இருக்கற டால்ஃபிக்கு இது வரம். இந்தப் பாட்டுல அவர் கீழேர்ந்து மேல தாவும்போது ரெண்டு பேர் பேசிக்கற மாதிரி கேக்கறது அதனாலதான். இதே வருஷம் அக்டோபர்ல மிங்கஸ் குழுவோட ஒரு ரெக்கார்டிங்ல இவர் பாஸ் கிளாரினெட்லயும் மிங்கஸ் பாஸ்லயும் நிஜமாவே ரெண்டு பேர் வாக்குவாதம் பண்ற மாதிரி வாசிப்பாங்க, மிங்கஸ் அதுல கிட்டத்தட்ட திட்டறாரு, டால்ஃபி பதில் சொல்றாரு, அதோட விதை இங்க இருக்கு.

மூணாவது 'லெஸ்', சின்ன பாட்டு, வேகமான தீம், எனக்கு இந்த ஆல்பத்துல அவ்வளவா ஒட்டாதது இதுதான், நல்லா வாசிக்கறாங்க ஆனா 'ஜி.டபிள்யூ.'ல சொன்னதையே கொஞ்சம் சுருக்கமா சொல்ற மாதிரி இருக்கு.

அடுத்த பக்கம் திருப்பினா '245'. இது அவங்க இருந்த ப்ரூக்ளின் வீட்டோட நம்பர். மெதுவான 12 பார் ப்ளூஸ். ஆல்பத்துல ஒரே ஒரு பாட்டுதான் கேக்க நேரம் இருக்குன்னா இத கேளுங்க. ஏன்னா ப்ளூஸ்ங்கறது ஜாஸோட அடிமண், எவ்வளவு புதுமை பண்றவனா இருந்தாலும் ப்ளூஸ் வாசிக்கச் சொன்னா அவன் யாருன்னு தெரிஞ்சுடும். டால்ஃபிய மூளையால வாசிக்கறவரு, கணக்கு போட்டு வாசிக்கறவருன்னு சொன்னவங்க உண்டு. இதுல அவர் ஆல்டோ எடுத்து வாசிக்கறது கணக்கா? மனுஷக் குரல் அழறது, விம்மறது, திடீர்னு எதையோ அவசரமா சொல்லிட்டு நிறுத்திக்கறது எல்லாம் இருக்கு, அதே சமயம் தாவலும் இருக்கு, விசித்திர ஸ்வரமும் இருக்கு. அந்த ஸ்வரமெல்லாம் புத்திசாலித்தனத்துக்காக வந்தது இல்ல, உணர்ச்சி தாங்காம குரல் உடையற இடத்துலதான் வருதுன்னு இந்தப் பாட்டுல தெளிவா புரியும். ஹப்பர்டும் இதுல பிரமாதம், 21 வயசுல இவ்வளவு நிதானமா ப்ளூஸ் வாசிக்கறது லேசு இல்ல.

'கிளாட் டு பி அன்ஹாப்பி' ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் லாரன்ஸ் ஹார்ட்டும் 1936ல ஒரு மேடை நாடகத்துக்கு எழுதின பாட்டு. ஒருதலைக் காதல்ல கிடைக்கற சோகத்தையே சந்தோஷமா ஏத்துக்கறவனோட மனநிலை. இதுல டால்ஃபி ஃப்ளூட். ஆல்டோவுல இருந்த கோவம் கொஞ்சமும் இல்ல. ஜாஸ்ல ஃப்ளூட்ன்னாலே மெல்லிசா அழகா பின்னணியில ஓடிக்கிட்டிருக்கறதுன்னு ஒரு பழக்கம் இருந்தது. இவர் மேற்கத்திய சாஸ்திரிய முறையில ஃப்ளூட்ட ஆழமா படிச்சவரு, 1962ல ஓஹாய் இசை விழாவுல எட்கர் வரேஸோட 'டென்சிட்டி 21.5'ங்கற தனி ஃப்ளூட் உருப்படிய வாசிச்ச அளவுக்கு, அந்த சுத்தமான தொனி இங்க முழுசா இருக்கு, ஆனா மெலடியோட ஒவ்வொரு வரிக்கு நடுவுலயும் அவர் நெய்யற சின்னச் சின்ன ஓட்டங்கள்தான் பாட்டோட உயிர். பறவைங்கள கேட்டு வாசிக்கறது அவரோட பழக்கம். கலிஃபோர்னியா வீட்ல பயிற்சி பண்ணும்போது பறவைங்களும் கூட சேந்து விசிலடிக்கும், நான் பண்றத நிறுத்திட்டு அதுங்களோட வாசிப்பேன்னு 1962ல டவுன்பீட் பத்திரிகையில சொல்லியிருக்காரு. அதே பேட்டியில பறவைங்க நம்ம ரெண்டு ஸ்வரத்துக்கு நடுவுல இருக்கற ஸ்வரத்த பாடும்னு சொல்லிட்டு, இந்திய இசையிலயும் அந்த மாதிரி ஒரு தன்மை இருக்கு, அத எப்படி வகைப்படுத்தறதுன்னு தெரியல ஆனா அழகா இருக்குங்கற அர்த்தத்துல பேசறாரு. நம்மகிட்ட நுண்ணிய சுருதி வித்தியாசமும் கமகமும் கேட்டுப் பழகின காதுக்கு டால்ஃபியோட ஃப்ளூட் அதனாலதானோ என்னமோ சீக்கிரம் ஒட்டிக்குது, நான் பாத்த வரைக்கும் ஆல்டோவுக்கு முகம் சுளிக்கறவங்க கூட இந்தப் பாட்டுல நின்னுடறாங்க.

கடைசி பாட்டு 'மிஸ் டோனி', ட்ராம்போன்காரர் சார்ல்ஸ் கிரீன்லீ எழுதினது, திரும்ப பாஸ் கிளாரினெட். நல்ல உற்சாகமான பாட்டு. ஆனா '245'உம் ஃப்ளூட் பாட்டும் முடிஞ்சதுக்கு அப்புறம் வர்றதால கொஞ்சம் சாதாரணமா தெரியும்.

குறைன்னு சொல்லணும்னா, ஹப்பர்ட் இந்த ஆல்பம் முழுக்க தனக்குத் தெரிஞ்ச பாதைய விட்டு வெளிய வரல, டால்ஃபியோட பேச்சுக்கு பதில் சொல்றதில்ல, பக்கத்துல நின்னு தன் பேச்ச பேசறாரு. சிலர் இத பெரிய குறையா சொல்வாங்க. எனக்கு அப்படித் தோணல, முதல்ல சொன்ன மாதிரி இந்த இடைவெளிதான் புதுசா கேக்கறவங்களுக்கு அளவுகோல். ஆனா ஒரு குழுவா எல்லாரும் ஒரே திசையில போற சுகம் வேணும்னா அதுக்கு 1961 ஜூலையில ஃபைவ் ஸ்பாட்ல ட்ரம்பெட்காரர் புக்கர் லிட்டிலோட வாசிச்ச ரெக்கார்டிங்குக்குதான் போகணும். அந்த லிட்டில் அதே வருஷம் அக்டோபர்ல 23 வயசுல இறந்துட்டாரு, இல்லன்னா அந்த ஜோடி எங்க போயிருக்கும்னு நெனைச்சாலே மனசு கனக்குது.

'அவுட்வேர்ட் பவுண்ட்' ரெக்கார்ட் பண்ணதுக்கப்புறம் டால்ஃபிக்கு கிடைச்சது நாலு வருஷமும் மூணு மாசமுந்தான். 1961ல கோல்ட்ரேன் குழுவுல சேந்து வாசிச்சப்ப டவுன்பீட்ல ஜான் டைனன்ங்கற விமர்சகர் ரெண்டு பேரும் வாசிக்கறது 'ஆன்டி-ஜாஸ்'னு எழுதினாரு. ஜாஸுக்கே விரோதமானதாம். '245' வாசிச்ச மனுஷனப் பாத்து! 1964 ஜூன்ல வந்த டவுன்பீட்ல யாருன்னு சொல்லாம பாட்டு போட்டு கருத்து கேக்கற பகுதியில மைல்ஸ் டேவிஸ் இவரோட ஒரு பாட்ட கேட்டுட்டு, இது டால்ஃபியாதான் இருக்கணும், வேற யாராலயும் இவ்வளவு மோசமா வாசிக்க முடியாதுன்னாரு, அடுத்த தடவை பாத்தா கால மிதிப்பேன்னும் சொன்னாரு. அந்த மாசம் 29ஆம் தேதி பெர்லின்ல நீரிழிவு நோயால டால்ஃபி இறந்துட்டாரு. வயசு 36. குடிக்க மாட்டாரு, சிகரெட் கிடையாது, போதை கிடையாது. அவரோட ஃப்ளூட்டையும் பாஸ் கிளாரினெட்டையும் அவங்க அம்மா கோல்ட்ரேன்கிட்ட குடுத்தாங்க.

'அவுட்வேர்ட் பவுண்ட்' வாங்கறதா இருந்தாலும் ஸ்ட்ரீமிங்ல தேடறதா இருந்தாலும் கூடுதல் ட்ராக் இருக்கற சிடி பதிப்பா பாருங்க. அதுல 'ஜி.டபிள்யூ.', '245' ரெண்டுக்கும் இன்னொரு டேக், அதாவது அதே பாட்ட அன்னிக்கே இன்னொரு தடவை வாசிச்ச பதிவு, இருக்கு, கூடவே அன்னிக்கு தேதிய வெச்சு 'ஏப்ரல் ஃபூல்'னு பேர் வெச்ச ஒரு ஃப்ளூட் பாட்டும் இருக்கு. ரெண்டு டேக்கையும் அடுத்தடுத்து போட்டா டால்ஃபி ஒரு தடவை வாசிச்சத மறுபடி வாசிக்கறதில்லன்னு நல்லா தெரியும், கார்டும் தாளமும் அதேதான், அதுக்கு மேல கட்டினது முழுசா வேற. மனப்பாடம் பண்ண விசித்திரம் இல்ல இது, அந்த நிமிஷத்துல யோசிக்கறது.

அங்கேர்ந்து நேரா 'அவுட் டு லஞ்ச்'க்கு போகாம, 1960 டிசம்பர் 21ஆம் தேதிக்கு போங்க. அந்த ஒரே நாள்ல டால்ஃபி ரெண்டு ரெக்கார்டிங் பண்ணாரு. ஒண்ணு தன் பேர்ல 'ஃபார் க்ரை', புக்கர் லிட்டிலோட, பயார்டும் ஹெய்ன்ஸும் அதுலயும் உண்டு. இன்னொண்ணு ஆர்னெட் கோல்மனோட 'ஃப்ரீ ஜாஸ்', ஒரே நேரத்துல ரெண்டு குழு வாசிக்கற, கார்டே இல்லாத அந்த 37 நிமிஷம். ஹெட்ஃபோன் போட்டு கேட்டா இடது காதுல ஆர்னெட்டோட குழு, வலது காதுல இன்னொரு குழு. அந்த வலது பக்கத்துல பாஸ் கிளாரினெட்டோட டால்ஃபி, பக்கத்துல ட்ரம்பெட்டோட அதே ஃப்ரெடி ஹப்பர்ட்.